மீனுக்குப் போட்ட வெடி

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு சட்டைப்பின். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், சம்பூருக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூட வளவு அது. கொழும்பிலிருந்து வந்திருந்த நடைபயண ஒருங்கிணைப்பாளர் அந்தப் பின்னைப் பல்லிடுக்கில் கடித்துப் பிடித்தபடி, என் அத்தானின் வலது சட்டைக் கையை மேலே மேலே மடித்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் தசை மட்டும் இருந்தது. அதன் நுனி வெங்காயத்தின் அடியைப் போலச் சுருங்கி மூடியிருந்தது. மடிப்பு நழுவாமல் பின்னைக் குத்திவிட்டு, அந்தப் பெண் சற்றுப் பின்னால் போய் நின்று பார்த்தார். "இப்ப சரி அங்கிள். கண்ணால பார்த்தாத்தான் ஆக்களுக்கு மனசில நிக்கும்" என்றார். அத்தான் தன் கையை வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கை போன நாளிலிருந்து அவர் முழுக்கைச் சட்டைதான் போடுவார். வலது சட்டைக் கையின் நுனியை அக்கா முடிச்சுப் போட்டு விடுவாள். அந்த முடிச்சோடு இரண்டு கதைகளும் அவரிடம் இருந்தன. ஒன்று ஊருக்குத் தெரிந்தது. மீனுக்குப் போட எடுத்த வெடியின் திரி நினைத்ததைவிடச் சீக்கிரம் எரிந்துவிட்டது, கை பிந்திவிட்டது. மற்றது சோதனைச் சாவடிகளுக்கானது. படகு இஞ்சினின் விசிறி வெட்டியது என்ற கதை. இதை அக்காதான் கட்டிக் கொடுத்தாள், சிங்களத்தில் ஒரே வசனமாக. வெடியில் கை போனவன் என்று சொன்னால், அந்த வெடி எங்கே வெடித்தது, யாருக்காக வைத்தது என்ற கேள்விகள் வரும். மீனுக்கு என்று பதில் சொன்னால், எதிரே துவக்கோடு நிற்பவருக்குக் கடற்றொழில் தெரிந்திருக்க வேண்டும். மலைநாட்டிலிருந்து வந்த சிப்பாய்ப் பையன்களுக்கு அது தெரியாது. இஞ்சின் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நாக்கைச் சப்புக்கொட்டி, அனுதாபத்தோடு அவரைப் போகவிடுவார்கள். பல வருடங்கள் அந்த வசனம்தான் அவரைக் காப்பாற்றியது.

பிறகு போர்நிறுத்தம் வந்தது. சாவடிகளில் மண்மூட்டைகள் இருந்தன. ஆனால் அவற்றின் மேல் சட்டை காயப்போட்டிருந்தார்கள். கொழும்பிலிருந்து வாகனங்கள் வரத் தொடங்கின. வந்தவர்களில் ஒரு கூட்டம் கடலைப் பற்றிக் கவலைப்பட்டது. கவலைக்குக் காரணம் இருந்தது. மீன் குடியிருக்கும் பவளப் பாறைகளான குடாவின் முருகைக்கற்கள் வெடியில் தூளாகிக் கிடந்தன. வெடி போட்டால் மேலே மிதக்கும் மீன் கொஞ்சம். அடியில் தாழ்ந்து அழுகுவது மிச்சம். சந்தையில் மீனைக் கையில் எடுத்ததும் வளைத்துப் பார்ப்பார்கள். முள் முறிந்து, முதுகோரம் இரத்தம் கட்டியிருந்தால் அது வெடி மீன். தெரிந்தும் வாங்குவார்கள், விலை குறைவு என்பதால். இதற்கு எதிராகத்தான் அந்த நடைபயணம் ஒழுங்காகியது. தென்கரையில் தொடங்கி, மூதூர், கிண்ணியா என்று குடாவைச் சுற்றி நடந்து, திருகோணமலை நகரத்தைக் கடந்து, உப்புவெளிக் கடற்கரையில் முடிப்பது திட்டம். இரவுகளில் பள்ளிக்கூடங்களில் தங்கல்; வழிநெடுகக் கூட்டங்கள். நான் அப்போது ஒரு பத்திரிகைக்குத் திருகோணமலைச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வேலையாகத்தான் கூட நடந்தேன்.

முன்னால் நடப்பதற்கு அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வெடி போட்டவராகவும் அதனால் இழந்தவராகவும் இருக்க வேண்டும். கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டபோது எல்லா விரல்களும் அத்தானின் வீட்டைக் காட்டின. அக்கா வாசலிலேயே மறித்தாள். "அவருக்கு நடக்க ஏலாது, சலரோகம்" என்று பொய் சொன்னாள். உள்ளேயிருந்து அத்தான், "ஆருக்கு சலரோகம்? உமக்கோ?" என்று கேட்டுக்கொண்டே வெளியே வந்துவிட்டார். அவர் ஏன் ஒப்புக்கொண்டார் என்பதை நான் பிறகுதான் யோசித்தேன். ஒற்றைக் கையால் தோணி தள்ள ஏலாது. வலை இழுக்க ஏலாது. கரையில் குந்தியிருந்து மற்றவர்களின் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிப் போடுவதுதான் அவருடைய வேலை. அதற்கு அவர்கள் ஒரு கறிக்கு மீன் கொடுப்பார்கள். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்கமாட்டார்கள். அப்படியிருந்த வீட்டு வாசலுக்கு ஒரு வாகனம் வந்து, நீங்கள்தான் முன்னால் நடக்க வேண்டும் என்று சொன்னது.

முதல் நாள் வெய்யில் ஏறுமுன்னர் நாங்கள் கடந்த ஊரில் ஒரு குழப்பம் நடந்தது. எங்கள் பக்கத்துச் சனத்துக்குக் கூட்டமாக நடந்து வருகிறவர்கள் என்றால் கதிர்காம யாத்திரைக்காரர்கள்தான். வருடாவருடம் வடக்கேயிருந்து கரையோரமாக நடந்து வருவார்கள். ஊர் மறித்து மோர் கொடுக்கும், கால் கழுவும். எங்கள் பதாகையை யாரும் வாசிக்கவில்லை. ஒரு பெண் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்து அத்தானின் காலில் ஊற்றினாள். வேலிப் படலையடியில் நின்ற கிழவர் ஒருவர்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

"தம்பியவை, கதிர்காமம் அங்கால எல்லே? நீங்கள் இஞ்சால போறியள்!"

எல்லோரும் சிரித்தோம். கால் கழுவிய பெண் சிரிக்கவில்லை. அவள் அத்தானின் கையைப் பார்த்துவிட்டாள். யாத்திரைக்காரரிடம் வழமையாகக் கேட்பதை அவரிடமும் கேட்டாள். "என்ன நேர்த்தி ஐயா?"

நேர்த்திக்கடனுக்கு நடப்பவர் அந்தக் கேள்விக்கு உண்மைதான் சொல்ல வேண்டும். குழந்தை வேண்டி என்றாலும், செய்த பாவம் ஒன்றுக்கு என்றாலும், வழியில் கேட்பவரிடம் மறைத்தால் நடந்தது வீண் என்பது ஊர் நம்பிக்கை. கேட்டவரும் அதை அந்த இடத்திலேயே விட்டுவிடுவார். சந்திக்குச் சந்தி காவித் திரியமாட்டார். அத்தான் ஈரக் காலோடு நின்று சொன்னார். வெடி போட்டது, எத்தனையோ வருடம் போட்டது, குஞ்சும் குருமானுமாக மிதந்தது, கடைசியில் கை போனது. அந்தப் பெண் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவருடைய மொட்டைக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். ஒருங்கிணைப்பாளரோடு வந்த படப்பிடிப்பாளர் அதைத் தவறவிட்டார். இன்னொரு முறை ஒற்றச் சொல்லிக் கேட்டார்கள். அவள் ஒற்றினாள்.

அந்த இடத்திலிருந்து அத்தான் வேறு ஆள். மூதூரில் அவருக்கு ஒலிவாங்கி கொடுத்தார்கள். முதலில் அதை வாயில் முட்டவைத்துப் பேசினார். அடுத்த கூட்டத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் கையை மறைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவார். சரியான இடத்தில் வெளியே எடுப்பார். பின்வரிசையில் நின்ற தொழிலாளிகள் விடவில்லை. அவர்களில் சிலர் இன்னமும் வெடி போடுகிறவர்கள்.

"உன்ர கையைக் கடல் எடுக்கேல்ல, உன்ர அவசரம் எடுத்தது!" என்றான் ஒருவன்.

"ஓம், அவசரம்தான். உனக்கு இன்னும் ரெண்டு இருக்கெண்டு ஆறுதலா நிக்கிறாய்" என்றார் அத்தான். கூட்டம் விசிலடித்தது.

"கோயிலுக்குப் போனா என்னெண்டு கும்பிடுவாய், ஒற்றைக் கையால?"

"ஒற்றைக் கையால கும்பிட்டா அது சலூட். அதாலதான் ஆமிக்காரன் என்னை மறிக்கிறேல்ல."

சின்னப் பிள்ளைகள் எங்கள் பின்னாலேயே வந்தார்கள். வெடி மாமா என்ற பெயர் அவர்கள் வைத்ததுதான். ஒரு பிள்ளை "வெடி மாமா!" என்று கத்த, மற்றப் பிள்ளைகள் "டமார்!" என்பார்கள். அத்தான் வெடித்துச் சிதறுவதுபோல நடித்து, இல்லாத கையைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டுப் பார்ப்பார். ஒருங்கிணைப்பாளருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. அடுத்த கூட்டத்திலிருந்து அறிவிப்பிலேயே அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

கிண்ணியாத் துறையில் அப்போது பாலம் இல்லை. இழுவைப் படகில்தான் கடக்க வேண்டும். துறையடிச் சாவடியில் படகுக்குக் காத்து நின்றோம். அங்கே நின்ற சிப்பாய்க்கு இருபது வயது இருக்கும். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. பிள்ளைகள் கத்திய பெயர் அவனுக்கும் விளங்கியது. இரண்டு பாஷையிலும் ஏறக்குறைய விளங்கும் பெயர் அது. அவன் அத்தானின் கையைக் காட்டி என்னவென்று சைகையில் கேட்டான். அத்தான் ஒரு கணம் தயங்கியதை நான் கண்டேன். அந்தச் சிங்கள வசனம் அவர் நாக்குநுனியில் இருந்திருக்கும். ஆனால் பின்னால் பதாகை நின்றது, பிள்ளைகள் நின்றார்கள், ஒருங்கிணைப்பாளர் நின்றார். அத்தான் ஒரு கையால் வெடியை எறிந்து, வாயால் வெடித்து, மீன் மிதப்பதுபோல நாக்கைத் தொங்கப்போட்டுக் காட்டினார். சிப்பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உள்ளே போய்ப் பிஸ்கற் பக்கற் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். படகு விலகிய பிறகும் கரையில் நின்று இரண்டு கையையும் விரித்து வெடித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா நகரத்துக்கு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். பஸ் நிலையத்துக்கு அருகில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அவள் பையைக் கக்கத்தில் இடுக்கியபடி கடைசி வரிசையில் நின்று முழுவதையும் கேட்டாள். கூட்டத்தில் நின்ற எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கூட்டத்தைப் பார்த்தாள். சிவில் உடுப்பில், ஆனால் ஆமிச் சப்பாத்து மினுங்க நின்ற இரண்டு பேரை எனக்குக் கண்ணால் காட்டினாள். கூட்டம் முடிந்து அத்தான் வியர்வையும் சிரிப்புமாக இறங்கி வந்தபோது, அவள் முதலில் செய்த வேலை பின்னைக் கழற்றிச் சட்டைக் கையை இறக்கிவிட்டதுதான்.

"கடவுளுக்குச் சொல்லுறதை மைக்கில சொல்லாதேங்கோ" என்றாள்.

"இப்ப சமாதானம்தானே."

"சமாதானம் எண்டா அவைக்குக் காது கேளாமல் போட்டுதோ?"

"நீர் சும்மா இரும். அங்க ஒருத்தி என்ர காலைக் கழுவினவள், தெரியுமே? உம்மட அண்ணன் தம்பிமார் என்ர முகத்தைப் பார்த்து மீன் தந்தவையோ?"

நான் தம்பிமாரில் ஒருவன். அத்தான் என் பக்கம் திரும்பி, "உன்னைச் சொல்லேல்லையடா" என்றார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

உப்புவெளியில் நிறைவுக் கூட்டம். மணலில் பந்தல், வாழைமரம், பிரமுகர்கள். அத்தான் பேச்சின் நடுவில் இருந்தபோது, வெளிக்கடலில் எங்கேயோ ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமல்ல. மூடிய அறைக்குள் யாரோ அலுமாரியைச் சாய்த்ததுபோல. பிரமுகர்களுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்தது. அத்தான் பேச்சை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். அவனைப் பார்த்து இன்னும் சிலர். பிறகு மிதக்கும் மீனை அள்ளக் கூடையும் தோணியுமாக அந்தப் பக்கம் ஓட்டம். எங்களோடு நடந்து வந்தவர்களிலும் இருவர் ஓடினார்கள். அவர்களில் ஒருவன் கழுத்தில் நடைபயண அட்டை தொங்கியது. மிச்சமிருந்தவர்களுக்கு அத்தான் பேசி முடித்தார். நான் அனுப்பிய செய்தி உள்பக்கத்தில் சில வரிகளாக வந்தது. வெடிச்சத்தத்தையும் அத்தானையும் ஆசிரியர் பீடத்தில் எடுத்துவிட்டிருந்தார்கள்.

சமாதானம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போயிற்று. மண்மூட்டைகளின் மேல் காய்ந்த சட்டைகளைக் காணவில்லை. அத்தான் மறுபடி முழுக்கைச் சட்டை போட்டார். அக்கா மறுபடி முடிச்சுப் போட்டாள். இஞ்சின் கதையை அவள் அவரிடம் பாடம் கேட்பதுபோலக் கேட்டுச் சரிபார்த்தாள். சம்பூர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கி, அந்தக் கரை முழுவதும் எழும்பி ஓடியபோது அவர்களும் ஓடினார்கள். காட்டுப்பாதை, கடற்கரை, மறுபடி காடு என்று தெற்கே போன சனத்தோடு, பட்டினியும் காய்ச்சலுமாக, கடைசியில் ஒரு சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அங்கே இல்லை. அக்கா சொன்னபடி எழுதுகிறேன். அவள் இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். எந்தத் தடவையும் ஒரு விவரம் மாறியதில்லை.

ஆண்களை வேறாக்கிச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். காயம் உள்ளவர்களை இடது பக்கம் நிறுத்தினார்கள். பெண்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அத்தானின் முறை வந்தது. அதிகாரி அவருடைய கையைப் பிரம்பால் தூக்கிப் பார்த்தார். அத்தான் அந்தச் சிங்கள வசனத்தைச் சொன்னார். ஒரு சொல் தடக்கவில்லை என்றாள் அக்கா. அதிகாரி அவர் முகத்தையும் நரைத்த நெஞ்சுமயிரையும் பார்த்தார். பிரம்பை வலது பக்கம் ஆட்டினார். வலது பக்கம் என்றால் போகலாம். அத்தான் நடந்தார், சட்டையை ஒற்றைக் கையால் தோளில் போட்டுக்கொண்டு, அக்காவைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தார்.

வலது பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி இருந்தது. அதனருகில் சனத்துக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்ற சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆ! வெடி மாமா!"

கிண்ணியாத் துறையில் பிஸ்கற் கொடுத்தவன்தான் அது. இப்போது அவனுக்கு மீசை இருந்ததாம். அவன் முகம் முழுவதும் சந்தோஷம் என்றாள் அக்கா. சொந்தக்காரனைக் கண்டவன்போல ஓடிவந்து அத்தானின் தோளைத் தட்டினான். பக்கத்தில் நின்றவனுக்கு அவரைக் காட்டி, ஒரு கையால் எறிந்து, வாயால் வெடித்து, இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். அதிகாரி திரும்பினார்.

பிறகு நடந்தது நீண்ட நேரம் எடுக்கவில்லை. கை எதனால் போனது என்று மறுபடி கேட்டார்கள். அத்தான் இஞ்சின் என்றார். பிறகு, இல்லை, வெடி என்றார். பிறகு மீன் என்றார். மீனுக்கு என்ன சிங்களம் என்பது அந்த வசனத்தில் இல்லை. ஆனாலும் சந்தையில் கேட்ட சொல் அவருக்கு நினைவு வந்தது. "மாளு, மாளு" என்று கத்தினார். நாக்கைத் தொங்கப்போட்டு மீன் மிதப்பதையும் காட்டினார். அந்தச் சிப்பாய் ஏதோ சொல்ல முன்னால் வந்தான். அதிகாரி அவனைப் பார்த்த பார்வையில் அவன் தண்ணீர்த் தாங்கிக்குத் திரும்பிப் போனான். அத்தானை முதலில் இடது பக்கம் நிறுத்தி, பிறகு வாகனத்தில் ஏற்றினார்கள். அவர் ஏறுவதற்கு ஒரு கை போதவில்லை. பின்னாலிருந்து தள்ளி ஏற்றினார்கள்.

அக்காவின் யோசனை எளிமையானது. இந்தக் கை மீனுக்குப் போட்ட வெடியில் போனது என்று, படித்த, சிங்களம் தெரிந்த, கொழும்பில் மதிக்கிற யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும். அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருந்தார்கள். மேடை போட்டுச் சொன்னவர்கள் அவர்கள்தான். அகதி முகாமிலிருந்து அனுமதி எடுத்துக்கொண்டு அவள் திருகோணமலைக்கு வந்தாள். நான் கூடப் போனேன். நடைபயணத்தை நடத்தியவர்களின் அலுவலகம் அதே இடத்தில் இருந்தது. ஒருங்கிணைப்பாளர் வெளிநாடு போய்விட்டிருந்தார். அவருடைய கதிரையில் இருந்தவர் நல்ல மனிதர். அக்காவை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி வரவழைத்தார். முழுவதையும் கேட்டார். இடையில் ஒருமுறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு விளங்குது அக்கா. ஆனா எங்கட வேலை கடல் சம்பந்தமானது. இது வேற விசயம். நாங்கள் இதுக்குள்ள வந்தா நாளைக்கு இஞ்ச வேலை செய்ய ஏலாது."

"ஒரு சொல்லுத்தான் தம்பி. மீனுக்குப் போட்டது எண்டு. அவ்வளவுதான்."

"அதைத்தான் சொல்ல ஏலாது எண்டுறன்."

அக்கா எழுந்தாள். அவருக்குப் பின்னால் சுவரில் நடைபயணத்தின் பெரிய வர்ணப் படம் மாட்டியிருந்தது. அதில் ஒரு பெண் அத்தானின் கையைக் கண்ணில் ஒற்றுகிறாள். அக்கா அதைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டாள். அது அலுவலகச் சொத்து என்றார் அவர். எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அக்கா அதற்குப் பிறகு அத்தானைத் தேடிப் போகாத இடமில்லை. போன இடங்களில் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். கையில் என்ன காயம், எதனால்? அவள் எதைச் சொன்னாலும் மற்றக் கதையையும் அறிந்த ஒருவர் அங்கே இருந்தார். மூதூரில் விசிலடித்தவர்களைத் தேடிப் போனோம். அவர்களில் ஒருவன், "நான் அண்டைக்கு அங்க நிக்கேல்லை" என்றான். அவன் வாசலில் இரண்டு கூடை மீன் இருந்தது. அக்கா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

யுத்தம் முடிந்தது. சம்பூர்ப் பக்கத்துச் சனத்தில் ஒரு பகுதி ஊர் திரும்பியது. அத்தான் இல்லாமல் அக்காவும் திரும்பினாள். நான் பத்திரிகை வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. கிண்ணியாவுக்குப் பாலம் வந்துவிட்டது. ஒருநாள் அந்தப் பாலத்தால் வந்துகொண்டிருந்தபோது மறித்தார்கள். எதிரே ஒரு நடைபயணம். வேறு பெயரில் வேறு ஓர் அமைப்பு. அதே குடா, அதே வெடி. பறை அடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்றேன். முன்னால் ஒருவர் பேசிக்கொண்டே நடந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். நல்ல குரல், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு வேறொருவர் கூட நடந்தார். பேசியவருக்கு இரண்டு கைகளும் இல்லை.